சேர்ப்பதற்கு முன்னால் வரப்பைப் பாருங்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படியுங்கள். படிக்காமலே லைக் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்பது எனக்குத் தெரியும். வகுப்பிலும் தெரிந்தது, இப்போதும் தெரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர் ஒருவர் அவருடைய அம்மாவோடு வீட்டுக்கு வந்திருந்தார். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். அப்போதே கரும்பலகைக்குப் பின்னால் போர்வையைக் கட்டி, டார்ச் லைட் அடித்துப் பொம்மைப் படம் காட்டுவார். இன்று சினிமா இயக்குநர். பெயர் சொல்லப் போவதில்லை. அவரிடம் கேட்டு, அவர் சரி என்று சொன்ன பிறகே இதை எழுதுகிறேன். "எழுதுங்க டீச்சர், என்னை மாதிரி இன்னும் நாலு பேர் இருப்பான்" என்றார்.

அவரிடம் இப்போது நான்கு தொழில்கள் இருக்கின்றன. நாகையில் கல்யாண வீடியோ, போட்டோ எடுக்கும் யூனிட். அதில் அக்கா வீட்டுக்காரர் பாதிப் பங்கு. நான்கு பையன்கள் சம்பளத்துக்கு இருக்கிறார்கள். சென்னை வடபழனியில் ஒரு எடிட்டிங், டப்பிங் அறை. நண்பரோடு சேர்ந்து நடத்தும் யூடியூப் சேனல். நான்காவது, படக் கம்பெனி. ஒரு படம் வந்து போட்ட பணம் முழுதும் திரும்பவில்லை. இரண்டாவது படம் பாதியில் நிற்கிறது.

இப்போது பணம் போட ஒருவர் முன்வந்திருக்கிறார். ஒரே ஒரு நிபந்தனை: நான்கையும் சேர்த்து ஒரே பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஆக்க வேண்டும். ஆடிட்டரும் அதுதான் நல்லது என்கிறாராம். "என்ன டீச்சர் சொல்றீங்க?" என்று கேட்டார்.

எனக்கு என்ன தெரியும்? நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள். அதைத்தான் சொன்னேன். ஆனால் பேச்சு முழுவதும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா, கிளம்பும்போது வாசற்படியில் நின்று ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சர், எல்லாத்தையும் ஒண்ணாக்கிட்டா என் வீட்டுப் பத்திரம் திரும்ப வந்துடுமா?"

முதல் படத்துக்காக அந்த அம்மாவின் வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருக்கிறது. எனக்கு அப்போதே என்னவோ போல் ஆகிவிட்டது. இரண்டு நாள் யோசித்தும், படித்தும், வழக்கறிஞராக இருக்கும் இன்னொரு மாணவரிடம் கேட்டும் எனக்குக் கிடைத்த பதில்தான் இந்தப் பதிவு.

முதலில் நம் மண்ணிலிருந்தே ஒரு கதை.

ஜெமினி வாசன் திருத்துறைப்பூண்டியில் பிறந்தவர் என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரம். சின்ன வயதில் தந்தையை இழந்தவர். அம்மாவின் உழைப்பில் சென்னைக்குப் போய், விளம்பரத் தொழில் பார்த்து, 1928இல் நொடித்துக்கொண்டிருந்த ஆனந்த விகடன் பத்திரிகையை வாங்கி எடுத்து நிறுத்தினார். பிறகு படங்களை விநியோகம் செய்யும் ஜெமினி பிக்சர்ஸ் சர்க்யூட். அதன் பிறகு, தீ விபத்தில் சேதமாகி ஏலத்துக்கு வந்த ஒரு ஸ்டூடியோவை 1940 வாக்கில் எடுத்து ஜெமினி ஸ்டூடியோ ஆக்கினார். பத்திரிகை, விநியோகம், ஸ்டூடியோ: ஒரே மனிதர், மூன்று தொழில்.

இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று உதவிக்கொண்டன. 1939இல் வந்த தியாகபூமி படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதை எழுதிய கல்கி மயிலாடுதுறை பக்கம் புத்தமங்கலத்துக்காரர். இயக்கிய கே. சுப்பிரமணியம் பாபநாசத்துக்காரர். சம்பு சாஸ்திரியாக நடித்த பாபநாசம் சிவன் பிறந்தது நம் பக்கத்துப் போலகத்தில். விநியோகம் திருத்துறைப்பூண்டி வாசன். படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே கதை விகடனில் படக் காட்சிகளோடு தொடராக வந்தது. தஞ்சாவூர் ஜில்லாவே சேர்ந்து எடுத்த படம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்!

இதில் ஒன்றைக் கவனியுங்கள். கதை ஒரு பத்திரிகையில். தயாரிப்பு வேறு ஒரு கம்பெனி. விநியோகம் இன்னொன்று. எல்லாரும் ஒரே கம்பெனியாகச் சேர்ந்த பிறகுதான் வேலை செய்வோம் என்று யாரும் சொல்லவில்லை. சேர்ந்து வேலை செய்வது வேறு, ஒரே கம்பெனி ஆவது வேறு. அந்தப் படத்துக்கு வெள்ளைக்கார அரசாங்கம் தடை போட்டது. படம் நின்றது, பத்திரிகை அடுத்த வாரமும் வந்தது.

வாசன் பிறகு 1948இல் சந்திரலேகா எடுத்தார். அந்தக் காலத்தில் முப்பது லட்சம் ரூபாய் செலவு என்பார்கள். தமிழில் ஓடி, இந்தியிலும் எடுத்து இந்தியா முழுவதும் ஓட்டினார். 1953இல் ஔவையார். 1969 ஆகஸ்டில் காலமானார். 1970களில் ஸ்டூடியோ நொடித்துப்போனது. அந்த இடத்தில் இன்று ஓட்டல் நிற்கிறது. மேம்பாலத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் அண்ணா மேம்பாலம். ஊர் ஜனம் இன்றைக்கும் ஜெமினி மேம்பாலம் என்கிறது. பெயர் மட்டும் மிச்சம்.

ஆனால் விகடன்? ஸ்டூடியோவோடு அது மூழ்கவில்லை. வாசனின் மகன் பாலசுப்பிரமணியன் காலத்தில் இன்னும் வளர்ந்தது. இதற்கு அவருடைய திறமை முதல் காரணம். இன்னொரு காரணமும் உண்டு என்பது என் அபிப்பிராயம். பத்திரிகை ஒரு வீடு, ஸ்டூடியோ ஒரு வீடு என்று இரண்டும் தனித்தனியாக நின்றன. ஒரு வீட்டில் கூரை சரிந்தபோது இன்னொரு வீட்டில் அடுப்பு எரிந்தது.

காரைக்குடி ஏவி. மெய்யப்ப செட்டியார் கதையும் இதே பாடம்தான். இசைத்தட்டு வியாபாரத்துக்கு சரஸ்வதி ஸ்டோர்ஸ். படம் எடுக்க சரஸ்வதி சவுண்டு புரொடக்‌ஷன்ஸ். 1935இல் வந்த அல்லி அர்ஜுனா, ரத்னாவளி இரண்டும் கைகொடுக்கவில்லை. அதன் பிறகு வேறு கூட்டாளிகள், வேறு பெயர், பிரகதி பிக்சர்ஸ். 1945இல்தான் ஏவி.எம். என்ற பெயர் வருகிறது. அவர் ஒவ்வொரு முறை விழுந்தபோதும் எழுந்து வேறு கூட்டாளிகளோடு நடக்க முடிந்தது. கூட்டாளி மாறும்போது கம்பெனியும் மாறியது. பழைய கணக்கு பழைய புத்தகத்தோடு முடிந்தது.

"அப்படியானால் சேர்ப்பதே தப்பா டீச்சர்?" என்று கேட்பீர்கள். இல்லை. நான் அப்படிச் சொல்லவில்லை. ஆடிட்டர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான்கு கணக்கு, நான்கு தணிக்கை, நான்கு வங்கிக் கணக்கு, மாதா மாதம் வரித் தாக்கல் என்று அலைவதற்கு ஒன்று போதும். ஒரு வருமானமும் ஒரு நஷ்டமும் ஒரே தாளில் தெரியும். வெளியிலிருந்து பணம் போடுகிறவருக்கும் எதில் போடுகிறோம் என்று தெளிவு இருக்கும். பெரிய கம்பெனிகள் செய்வதும் அதுதான்.

அண்மையில் பார்த்த உதாரணம் ஒன்று. ஏக்தா கபூரின் பாலாஜி டெலிபிலிம்ஸ். இந்தி சீரியல் பார்க்கும் உறவுகளுக்குத் தெரியாமல் இருக்காது. சீரியலும் சினிமாவும் அந்தக் கம்பெனியில்; செல்போனில் பார்க்கும் செயலி 'ஆல்ட்' என்ற தனித் துணைக் கம்பெனியில். தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு 2025 ஜூன் மாதம் துணைக் கம்பெனி தாய்க் கம்பெனியோடு சேர்ந்துவிட்டது. அடுத்த மாதமே, ஜூலையில், ஆபாசமான காட்சிகள் இருப்பதாகச் சொல்லி மத்திய அரசு முடக்கச் சொன்ன 25 செயலிகளில் அதுவும் ஒன்று. ஜூன் 20 முதல் அதை நடத்துவது பாலாஜிதான் என்று அந்தக் கம்பெனியே அறிக்கை விட வேண்டி வந்தது.

அது முழுக்கத் தாய்க் கம்பெனிக்கே சொந்தமான பிள்ளைதான். நஷ்டம் எப்படியும் வீட்டுக்குத்தான் வரும். அவர்களுக்கு அதைத் தாங்கும் உடம்பும் இருக்கிறது. நான் சொல்ல வருவது ஒன்றுதான். பிள்ளை தனி வீட்டில் இருந்தவரை தெருவில் வந்த புகார் அந்த வீட்டுக் கதவைத் தட்டியது. சேர்ந்த பிறகு பெரிய வீட்டுக் கதவைத் தட்டுகிறது. பெரிய வீட்டில் இடி தாங்கும்; ஓட்டு வீட்டில் தாங்குமா?

இப்போது என் வீட்டுக் கதை. என் பிள்ளைகளுக்கே இதை முழுசாகச் சொன்னதில்லை.

என் அப்பாவுக்கு நாகையில் மளிகைக் கடை. சிறிய கடைதான், ஆனால் நாங்கள் ஐந்து பேர் அதில்தான் வளர்ந்தோம். பிறகு அப்பா நெல் வியாபாரமும் தொடங்கினார். இரண்டுக்கும் ஒரே கல்லாப்பெட்டி, ஒரே பேரேடு, ஒரே கையெழுத்து. கடையில் வந்த பணம் நெல்லுக்குப் போகும். நெல்லில் வந்தது கடைக்கு வரும். எதில் லாபம், எதில் நஷ்டம் என்று அப்பாவுக்கே சொல்லத் தெரியாது. "எல்லாம் நம்மதுதானே" என்பார்.

1977 நவம்பர் 12. நம் ஊர்ப் பெரியவர்களுக்கு அந்தத் தேதியைச் சொன்னாலே போதும். புயல் கிடங்கின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது. அடுக்கி வைத்திருந்த குறுவை நெல் மூட்டைகள் நனைந்து, சாக்குக்குள்ளேயே முளைவிட்டன. கடைக்குப் பெரிய சேதம் இல்லை. ஓடுகள் பறந்தன, உப்பும் சர்க்கரையும் கரைந்தன, அவ்வளவுதான். ஒரு மாதத்தில் கடையைத் திறந்திருக்கலாம்.

திறக்க முடியவில்லை. நெல்லுக்குக் கடன் கொடுத்தவர்கள் கடைக்கு வந்தார்கள். தராசு முதற்கொண்டு போனது.

அப்போது நான் பள்ளியின் கடைசி ஆண்டு. கல்லூரியில் கணிதம் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. இரண்டு வருடத்தில் சம்பளம் வரும் என்பதால் ஆசிரியர் பயிற்சியில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு அதில் இப்போது வருத்தம் இல்லை. வருத்தம் இருந்தால் உங்களையெல்லாம் நான் சந்தித்திருக்க முடியாது. ஆனால் அன்று இரவு கிணற்றடியில் உட்கார்ந்து அழுதது ஞாபகம் இருக்கிறது.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. வழக்கறிஞர் மாணவர்தான் விளக்கினார். அப்பா இரண்டு பேரேடு தனித்தனியாக வைத்திருந்தாலும் கடன்காரர்களைத் தடுத்திருக்க முடியாதாம். ஏனென்றால் இரண்டு தொழிலும் ஒரே ஆளின் பெயரில். தனி ஆள் நடத்தும் தொழிலில் எத்தனை பெயர்ப் பலகை மாட்டினாலும் சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது அந்த ஒரு ஆள்தான். அவருடைய வீடு வாசல் எல்லாம் அந்தக் கடனுக்குப் பொறுப்பு. கம்பெனி என்று பதிவு செய்தால்தான் அது தனி ஆளாகிறது. அதுவும், வங்கி சொந்த ஜாமீன் கேட்டு நாம் கையெழுத்துப் போடாதவரைதான்.

இதைக் கேட்டதும்தான் மாணவருடைய விஷயம் எனக்குப் புரிந்தது. அவர் தன்னிடம் நான்கு தொழில் தனித்தனியாக இருப்பதாக நினைக்கிறார். உண்மையில் கல்யாண யூனிட் பணத்தில் எடிட்டிங் அறை வாடகை போகிறது. சேனல் பணத்தில் படக் கம்பெனி வட்டி போகிறது. கடனுக்கு ஜாமீன் அம்மாவின் வீடு. நஷ்டம் எப்போதோ ஒன்றாகிவிட்டது. பொறுப்பும் கணக்கும்தான் ஒன்றாகவில்லை. என் அப்பாவின் கல்லாப்பெட்டி இப்போது வடபழனியில் இருக்கிறது.

நாம் கடைமடைக்காரர்கள். பக்கத்து வயலையும் வாங்கியவர் நடு வரப்பை வெட்டி ஒரே வயலாக்குவதைப் பார்த்திருக்கிறோம். டிராக்டர் திரும்ப வசதி, வரப்பு தின்ற இடமும் மிச்சம். ஆனால் விவரமானவர் முதலில் என்ன செய்வார்? மட்டம் பார்ப்பார். ஒன்று மேடு, ஒன்று பள்ளம் என்றால் சமன்படுத்திய பிறகே வரப்பில் மண்வெட்டி வைப்பார். அவசரப்பட்டு வெட்டினால் மேட்டில் பயிர் காயும், பள்ளத்தில் பயிர் அழுகும். இத்தனை வருடமாகக் கல்யாண யூனிட் என்ற நல்ல வயல் எத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்கிறது? படக் கம்பெனியின் பள்ளத்துக்கு அந்தத் தண்ணீர் முழுவதையும் திறந்துவிடப் போகிறோமா?

அதனால் நான் அவருக்குச் சொன்னது இது. உங்களில் தொழில் செய்பவர்களுக்கும் பயன்படலாம்.

முதலாவது, எல்லாவற்றையும் ஒன்றாக்காதே. ஒரே வேலை செய்பவற்றை ஒன்றாக்கு. படக் கம்பெனிக்கும் எடிட்டிங் அறைக்கும் சேனலுக்கும் ஒரே ஆட்கள், ஒரே கருவிகள், ஒரே கனவு. நண்பர் சம்மதித்தால் அவை சேரட்டும். கல்யாண யூனிட் வேறு தொழில், வேறு கூட்டாளி, வேறு ஊர். அது தனியாகவே இருக்கட்டும். அக்கா வீட்டுக்காரர் சினிமாவுக்குக் கையெழுத்துப் போட்டவர் இல்லை.

இரண்டாவது, எது யாருக்குச் சொந்தம் என்று எழுது. ஒரு படத்தின் உரிமையை இன்னொருவருக்கு மாற்றினால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம்தான் என்று வைத்துக்கொள்ளும். எந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்தான். வாய்ப்பேச்சில் கைமாறிய உரிமைக்கு நாளை யார் வேண்டுமானாலும் உரிமை கொண்டாடலாம்.

இன்னொரு செய்தி எனக்கே ஆச்சரியம். காசு வாங்கிக்கொண்டு எடுத்துக் கொடுக்கும் கல்யாணப் படத்துக்கு, வேறு ஒப்பந்தம் எழுதாவிட்டால், முதல் உரிமை எடுக்கச் சொன்ன கல்யாண வீட்டாருக்குத்தான். ஒரே கம்பெனி ஆன பிறகு "நம்ம வீடியோதானே" என்று சேனலில் போட்டுவிட முடியாது. ஒரு பெண்ணின் தாலி கட்டும் நேரம் யாருடைய சரக்கும் இல்லை.

மூன்றாவது, வேலை செய்யும் பிள்ளைகள். எடிட்டிங் அறையில் ஆறு வருடமாக இருப்பவரைப் புதுக் கம்பெனியில் இன்று சேர்ந்தவர் என்று எழுதிவிடாதே. பழைய வருடங்களும் சேர்த்துக் கணக்காகும் என்று கடிதம் கொடு. நானும் சம்பளத்துக்கு இருந்தவள். சர்வீஸ் புத்தகத்தில் ஒரு வருடம் விடுபட்டால் என்ன வேதனை என்று எனக்குத் தெரியும்.

நான்காவது, கடன் கொடுத்தவர்களிடம் முதலில் பேசு. பதிவான கம்பெனிகள் ஒன்றாகச் சேரும்போது 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டமே கடன் கொடுத்தவர்களைக் கேட்கச் சொல்கிறது. கடன் தொகையில் முக்கால் பங்கு உடையவர்கள் சம்மதிக்க வேண்டும் என்கிறது. உன்னுடையவை சிறு தொழில்கள். தீர்ப்பாயம் வரை போக வேண்டியதில்லை, புதுக் கம்பெனி ஒப்பந்தம் போட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனாலும் பெரிய கம்பெனிக்குச் சட்டம் சொல்லும் ஒழுங்கை நீயாகவே கடைப்பிடி.

ஐந்தாவதுதான் முதலாவது. அந்த அம்மாவின் கேள்வி.

சேர்த்தால் பத்திரம் தானாகத் திரும்பி வராது. அதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம். புதுக் கம்பெனி பழைய கடனை ஏற்கும்போது, "பழைய ஜாமீனே தொடரட்டும்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டால் இன்று ஒரு படத்தின் கடனுக்கு ஜாமீனாக இருக்கும் வீடு, நாளை கம்பெனி முழுவதற்கும் ஜாமீன் ஆகிவிடும். எனவே பணம் போடுகிறவரிடம் முதல் நிபந்தனையை நீ சொல்: வருகிற பணத்தில் முதலில் மீட்கப்படுவது பத்திரம். அதற்கு அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், அவர் உன் திறமையில் பணம் போடவில்லை, உன் அம்மாவின் வீட்டில் போடுகிறார் என்று அர்த்தம்.

"அப்படிச் சொன்னா அவர் போயிடுவார் டீச்சர். ரெண்டாவது படம் நின்னுடும்" என்றார் போனில். குரல் கம்மியது. எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. அந்தப் படத்தின் இருபது நிமிடத்தைப் போட்டுக் காட்டியிருந்தார். நம் அக்கரைப்பேட்டைத் துறைமுகம், விடியற்காலை மீன் ஏலம். நன்றாக வந்திருக்கிறது. நிற்கக் கூடாத படம்தான்.

ஆனாலும் சொன்னேன். படம் ஒரு வருடம் தள்ளி வரலாம். சந்திரலேகாவே வருடக்கணக்கில் எடுத்த படம்தான். அம்மாவுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவருக்கு அந்த ஒரு வருடத்தை வீட்டுக் கவலை இல்லாமல் கொடு.

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "கல்யாண யூனிட்டைத் தனியா விட்டுடறேன் டீச்சர், அது முடிவு. பத்திரத்தைப் பத்தி அவர்கிட்ட அடுத்த வாரம் பேசறேன்" என்றார். அவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியாது. நல்லபடியாக அமைய நீங்களும் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்களில் ஆடிட்டர்கள் இருக்கிறீர்கள், வங்கியில் இருக்கிறீர்கள், இரண்டு பேர் வழக்கறிஞர்கள். நான் சொன்னதில் பிழை இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். உங்கள் நோட்டில் எத்தனை சிவப்பு மை போட்டிருப்பேன். என் நோட்டில் நீங்கள் போடக் கூடாதா?

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு ஒரு தாளை எடுத்து, உங்கள் தொழிலில் எந்தக் கடனுக்கு யாருடைய வீடு, யாருடைய நகை ஜாமீனாக இருக்கிறது என்று எழுதிப் பாருங்கள். அம்மா பெயரோ மனைவி பெயரோ அதில் வந்தால், அதை முதலில் அடிக்கும் வழியைப் பாருங்கள். கம்பெனிகளைச் சேர்ப்பதும் பிரிப்பதும் அதற்குப் பிறகு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
நாகப்பட்டினம்